ரெண்டு ரெண்டு

வளையல் கடையில் என் அளவு ரெண்டு ரெண்டு.
'அதுக்குக் கீழ பிள்ளைகளுக்குத்தான்' என்பார்
அரண்மனை வாசல் கடைக்காரர்
கையைத் தொட்டுப் பார்க்காமலே.
நூல் சுற்றி அளந்தேன்:
பதின்மூன்றரை சென்டிமீட்டர்.
இந்த எலும்பின் மேல்தான்
என் ஆழத்தைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

மண்டபத்தில் எங்கள் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு
முதலில் வந்த டைவ் கம்ப்யூட்டர்
ஒரு சோப்பு டப்பா.
ரெமிஜியூஸ் கட்டினால் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும்.
எனக்குக் கடைசித் துளையிலும் நிற்காமல்
முழங்கை வரை போய்த் திரும்பி வரும்.
காம்பஸ் முனையைச் சுட்டு
இன்னும் இரண்டு துளை போட்டேன்.

படகில் இறுக்கமாய்த்தான் இருந்தது.
பதினான்கு மீட்டரில்
ரப்பர் உடை நசுங்கி மெலிந்ததும்
பட்டை தளர்ந்து
முகப்பு உள்ளங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டது.
ஒரு கையில் எழுதுபலகை,
இன்னொன்றில் அளவு நாடா.
நேரம் பார்க்க மூன்றாவதாய் ஒரு கைக்கு எங்கே போவது?
போதாததற்கு, மணிக்கட்டை மடக்கும்போதெல்லாம்
பொத்தான் புறங்கையில் இடித்து
யாரும் கேட்காமலே மெனு திறந்தது.

இரண்டாவது, அழகி.
மெலிந்த உடம்பு, ஏழு வண்ணம்,
எலும்பில் ஒட்டிக் கிடந்தாள்.
ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு.
கச்சான் கலக்கிவிட்ட நாளில்
மன்னார்க் கடல் கஞ்சித்தண்ணி.
அதற்குள் நாற்பத்து மூன்று வயதுக் கண்ணோடு
மிச்சமிருக்கும் நிமிடம்
மூன்றா எட்டா என்று
நானும் ஒரு கிளிமீனும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூன்று என்றே வைத்துக்கொண்டு மேலே வந்தேன்.
எட்டாம். அன்று ஐந்து சதுரம் எண்ணாமல் போனது.

'பெருசா வாங்கு, நம்பர் தெரியும்.
சிறுசா வாங்கு, கை தாங்கும்.
ரெண்டும் சேந்து கெடைக்காது' என்றான் ரெமிஜியூஸ்,
தேங்காய்க் கீற்றை மென்றபடி.
அவன் மணிக்கட்டு என் கணுக்கால்.

மூன்றாவதைத் தூத்துக்குடியில் ஒருத்தி விற்றாள்.
பழைய மாடல், முகத்தில் ஒரு கீறல்.
கறுப்பு வெள்ளைதான்.
ஆழத்துக்கு ஒரு தடித்த எண்
நேரத்துக்கு ஒரு தடித்த எண்
மற்றதெல்லாம் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு.
சதுரம் சின்னது, ஓரங்கள் கீழே வளைந்து
எலும்பைப் பிடித்துக்கொண்டன.

பணம் கொடுக்கும் முன்
வேதாளை வாடகை வீட்டில் விளக்கை அணைத்து
முகமூடி மாட்டி
பக்கெட்டுக்குள் கைவிட்டுக் குனிந்தேன்.
பாதித் தண்ணீரில் செம்மண் கரைத்திருந்தேன்.
படித்துவிட்டேன், ஒரே பார்வையில்.
பால் கொண்டுவந்த பையன்
வாசலில் நின்று பார்த்துவிட்டு
பாக்கெட்டைப் படியில் வைத்து ஓடிப்போனான்.

பட்டையைக் கழற்றினேன்.
பாம்பன் வலைக்கடையில் இழுவைக் கயிறு,
ஒன்றரை மீட்டர், அறுபது ரூபாய்.
இரட்டையாய்க் கோத்து
கடைக்காரரிடமே முடிச்சுப் போட்டு வாங்கினேன்.
உடை நசுங்க நசுங்க
கயிறும் கூடவே சுருங்கி வந்தது.
பதினான்கில் அசையவில்லை. பதினெட்டிலும்.
நான் எண்ணினேன்:
உயிரோடு நாற்பத்தொன்று, வெளுத்தது பதினாறு.
இடையில் ஒருமுறை கூட
கையைத் தேடவில்லை.

திரும்பும் பேருந்தில் உச்சிப்புளி தாண்டியதும்
பக்கத்து இருக்கை அம்மா மணி கேட்டாள்.
பழக்கத்தில் கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னேன்:
'ஒன்னேகால்.'
தண்ணீரை விட்டு வந்து
எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான்
அது அப்போது காட்டும்.
அவள் வெளியே பார்த்தாள்.
பனைநிழல் சாலையைக் கடந்து
அந்தப்பக்க உப்புத்தரை வரை நீண்டிருந்தது.
பிறகு என் மணிக்கட்டை,
கயிற்றை, முடிச்சை.

'ஓடாத கடியாரத்த
எதுக்குத்தா இம்புட்டு இறுக்கிக் கட்டிருக்க?'